மரம் தறிக்கிறவனுக்கு என்ன படிப்பு?

"மரம் தறிக்கவும் சேர்டிபிக்கட்டோ?" இந்த விசயத்தை எங்கட ஆக்களிடம் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். ஊரில் மரம் தறிக்கிறதை ஒரு படிப்பு என்று நாங்கள் ஒருநாளும் நினைத்ததில்லை. படிக்காதவன் செய்கிற வேலை என்றுதான் நினைத்திருக்கிறோம்.

ஆனால் ஹியூஸ்டனிலிருந்து 59ஆம் இலக்க நெடுஞ்சாலையில் வடக்கே போய்ப் பாருங்கள். லிவிங்ஸ்ரன் தாண்டி லஃப்கின், நக்கடோச்சஸ் பக்கம் போகப்போக இரண்டு பக்கமும் பைன் காடு. நீட்டு நீட்டான தடிகளை ஏற்றிக்கொண்டு லொறிகள் எதிரே வரும். அந்தத் தடிகளைத் தறித்துக் கொடுக்கிற ஒப்பந்தக்காரர்களில் கனபேர் வகுப்பில் இருந்து படித்தவர்கள். படித்ததோடு முடியாது. ஆண்டுதோறும் திரும்ப வகுப்புக்குப் போகவேண்டும். போகாவிட்டால் பெரிய ஆலைகளுக்குத் தடி விற்கிறது கஷ்டம்.

தாதியர், கணக்காளர், வீடு விற்கும் முகவர் என்று தொடர்கல்வி மணித்தியாலங்களை எண்ணிக்கொண்டு திரிகிற எங்கள் ஆட்கள் அமெரிக்காவில் ஏராளம். அதே ஏற்பாடு மரம் தறிக்கிறவனுக்கும் எப்படி வந்தது? அதுவும், காட்டை வெட்டத் தொடங்கி நூறு வருசம் கழித்து ஏன் வந்தது? அந்த வரலாற்றைத்தான் இங்கே எழுதப்போகிறேன். அதன் தொடக்கத்தில் எங்கள் பக்கத்து நாடுகளும் வருகின்றன.

அமெரிக்கக் காட்டுத் திணைக்களத்தின் முதல் தலைவர் கிஃபர்ட் பின்ஷோ. 1905இல் பதவிக்கு வந்தவர். காட்டியல் படிக்க அவர் 1889இல் ஐரோப்பாவுக்குப் போனபோது அமெரிக்காவில் அதற்கு ஒரு பள்ளிக்கூடமும் இல்லை. அங்கே அவருக்கு வழிகாட்டியவர் டீட்ரிச் பிரான்டிஸ் என்ற ஜேர்மன்காரர். பர்மாவின் தேக்குக் காடுகளைப் பிரிட்டிஷாருக்காக நிர்வகித்து, 1864இல் இந்தியாவின் முதலாவது காட்டுத் தலைமை அதிகாரியானவர். 1878இல் டேராடூனில் வனப்பள்ளி தொடங்கியதும் அவருடைய காலத்தில்தான். 1882இன் மதராஸ் வனச் சட்டத்திலும் அவருடைய கை இருக்கிறது. பின்ஷோவின் ஆலோசகரே, கார்ல் ஷெங்க் என்ற இன்னொரு ஜேர்மன்காரரும் அமெரிக்காவுக்குப் போகக் காரணமாக இருந்தார். அந்த ஷெங்க்தான் 1898இல் வட கரோலினாவில் பில்ற்மோர் காட்டுப் பள்ளியைத் தொடங்கியவர். 1900இல் பின்ஷோ குடும்பத்தின் பணத்தில் யேல் பல்கலைக்கழகத்தில் காட்டியல் பள்ளி வந்தது. ஆக, அமெரிக்கக் காட்டியலுக்கு ஒரு தாத்தா எங்கள் பக்கத்துக் காடுகளில் வேலை பார்த்தவர்.

ஆனால் இந்தப் பள்ளிகளில் யார் படித்தார்கள் என்று பார்க்கவேண்டும். மரத்தை எண்ணுகிறவர்கள், அளக்கிறவர்கள், எந்தக் காட்டை எந்த வருசம் வெட்டலாம் என்று திட்டம் போடுகிறவர்கள். அதாவது அதிகாரிகள். கோயம்புத்தூரில் 1912இல் தொடங்கிய வனக்கல்லூரியும் ரேஞ்சர்களுக்கானது. கோயம்புத்தூருக்குத் தெற்கே ஆனைமலையில் ரொப்ஸ்லிப் என்ற இடம் இருக்கிறது. வெட்டிய தேக்குத் தடிகளை மலையுச்சியிலிருந்து சறுக்கி விட்டதால் வந்த பெயர். அந்தக் காட்டைத் திரும்ப வளர்த்த ஹியூகோ வூட் என்ற அதிகாரியின் கல்லறை அங்கே இருக்கிறது. யானையோடு நின்று தடி இழுத்த மலசர்களும் காடர்களும் எந்தக் கல்லூரியிலும் இடம் பெறவில்லை. மரத்தைப் பற்றிய அறிவு ஒரு பக்கமும் மரத்தைத் தொடுகிற கை மறுபக்கமுமாகப் பிரிந்தது இப்படித்தான். அந்தப் பிரிவு கப்பலேறி அமெரிக்காவுக்கும் போனது.

இனி ரெக்சாஸுக்கு வருவம். கிழக்கு ரெக்சாஸின் பைன் காடு வெட்டப்பட்ட பெருங்காலம் 1880 முதல் 1930 வரை. 1901இல் ஜோன் ஹென்றி கேர்பி தொடங்கிய கேர்பி மரக் கொம்பனி அந்தக் காலத்தின் பெரும் புள்ளி. 1907இல் மட்டும் ரெக்சாஸ் 225 கோடி போர்ட் அடி மரம் அறுத்தது. போர்ட் அடி என்பது ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அங்குலத் தடிப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள், தலை சுற்றும்.

இந்த மரத்தையெல்லாம் தறித்தது இரண்டு பேர் பிடித்து இழுக்கிற நீள வாளும் கோடாலியும். இழுத்தது கோவேறு கழுதையும் நீராவி யந்திரமும். கறுப்பர், வெள்ளையர் இரு பகுதியும் வேலை செய்தார்கள். சம்பளத்தைக் கனகாலம் காசாகக் கொடுக்கவில்லை. கொம்பனிக் கடையில் மட்டும் செல்லுபடியாகிற துண்டு கொடுத்தார்கள். மலையகத்துத் தோட்டங்களில் 1921இல் ஒழிக்கப்பட்ட "துண்டு" முறையை அறிந்தவர்களுக்கு இது பழகிய கதை. அங்கே துண்டில் எழுதியிருந்தது தொழிலாளியின் கடன். இங்கே அவனுடைய கூலி. இரண்டும் ஆளைக் கட்டிப்போடத்தான்.

1910இன் முடிவில் லூசியானாவிலும் ரெக்சாஸிலும் மரத் தொழிலாளர் சகோதரத்துவம் என்ற சங்கம் உருவானது. கறுப்பரையும் சேர்த்துக்கொண்ட சங்கம். அந்தக் காலத்துத் தென் மாநிலங்களில் அது லேசான விசயமில்லை. சம்பளத்தைக் காசாகக் கொடு, வேலை நேரத்தைக் குறை, கடை விலையை நியாயமாக்கு என்று கேட்டார்கள். 1912 யூலை 7ஆம் திகதி லூசியானாவின் கிராபோவில் துப்பாக்கிச் சண்டை நடந்து ஆட்கள் செத்தார்கள். சங்கத் தலைவர் ஏ. எல். எமர்சனும் தோழர்களும் வழக்கில் விடுதலையானாலும் சங்கம் கொஞ்சக் காலத்தில் அழிந்துபோனது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கவனிக்கவேண்டியது. 1914இல் ரெம்பிள் நகர வங்கிக்காரர் டபிள்யூ. குட்ரிச் ஜோன்ஸ் ரெக்சாஸ் காட்டியல் சங்கத்தைத் தொடங்கினார். 1915இல் மாநிலக் காட்டுத் திணைக்களம் வந்தது. காடு அழிகிறது, நெருப்புப் பிடிக்கிறது, திரும்ப நடவேண்டும் என்று கற்பிக்கத் தொடங்கினார்கள். நல்ல வேலைதான், குறை சொல்ல ஏலாது. இன்று ரெக்சாஸில் பைன் காடு இருப்பதற்கு ஒரு காரணம் அது. ஆனால் அந்தக் கல்வி காணிக்காரனுக்கும் அதிகாரிக்கும் உரியதாக இருந்தது. வாள் பிடிக்கிறவன் தகப்பனைப் பார்த்தும் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தும் பழகிக்கொண்டான். பிழை விட்டால் மரமே பாடம் சொல்லிக் கொடுக்கும். அந்தப் பாடத்தைக் கனபேர் இரண்டாம் தரம் படிப்பதில்லை.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு ஒராள் தூக்குகிற மெஷின் வாள் பரவியது. வேலை வேகமானது, ஆபத்தும்தான். 1940இல் லஃப்கினில் தென்பகுதிப் பைனிலிருந்து பத்திரிகைக் கடதாசி செய்கிற ஆலை தொடங்கியது. ரெக்சாஸ் தடிக்கு இன்னொரு பெரிய சந்தை கிடைத்தது. கொம்பனிகள் மெல்ல மெல்லத் தங்கள் சொந்த வேலையாட்களைக் கைவிட்டுச் சிறு ஒப்பந்தக்காரர்களிடம் வேலையைக் கொடுத்தன. மெஷினை வாங்குகிற கடனும் காயப்படுகிற நட்டமும் ஒப்பந்தக்காரன் தலையில்.

அப்படியென்றால் வகுப்பு எப்போது வந்தது? மூன்று பக்கத்தாலிருந்து வந்த நெருக்கடிகள் ஒன்றுசேர்ந்தபோது வந்தது.

முதலாவது தண்ணீர். 1972இன் தூய நீர்ச் சட்டமும் 1987இல் அதற்கு வந்த திருத்தமும் வயல், காடு போன்ற இடங்களிலிருந்து ஆற்றில் சேருகிற மண்ணையும் கணக்கில் எடுத்தன. தடி இழுத்த பாதையில் மழை பெய்தால் மண் கரைந்து ஓடைக்குள் போகும். ஆகவே ஓடையின் இரு கரையிலும் குறைந்தது 50 அடிக்கு மரத்தை விட்டுவைக்க வேண்டும், சரிவான பாதையில் குறுக்கே மண் வரம்பு போடவேண்டும் என்று ரெக்சாஸில் நல்ல நடைமுறைகளை வகுத்தார்கள். சட்டக் கட்டாயம் இல்லை, விரும்பிச் செய்வது. எழுதி வைத்தால் போதுமா? ஓடைக்கரையில் மெஷினை ஓட்டுகிறவனுக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டுமே.

இரண்டாவது உயிர். 1970இல் அமெரிக்காவில் தொழில் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மரத் தொழிலுக்கு முதலில் வந்த விதி கடதாசிக்கூழுக்கு மரம் வெட்டுவதை மட்டும் பார்த்தது. எல்லா மரம் தறிப்புக்கும் பொதுவான விதி 1994 ஒக்ரோபரில் வெளியாகி 1995 பெப்ரவரியில் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. வேலைக்கு வைக்கிறவன் ஒவ்வொரு தொழிலாளிக்கும் பயிற்சி கொடுக்கவேண்டும். ஒவ்வொருவரும் முதலுதவி படிக்கவேண்டும். மெஷின் வாள் பிடிக்கிறவனுக்குக் கால் கவசம் வேண்டும். தறிக்கிற இருவருக்கு நடுவில் இரண்டு மர நீளம் இடைவெளி வேண்டும். பயிற்சி அந்தத் தொழிலாளிக்கு விளங்குகிற விதத்தில் இருக்கவேண்டும் என்றும் அந்த விதி சொல்கிறது. அந்நிய மொழியில் கைநாட்டு வைத்து வாழ்ந்த எங்களுக்கு இந்தக் கடைசி வரியின் பெறுமதி தெரியும்.

மூன்றாவது சந்தை. காட்டை அழிக்கிறார்கள் என்ற கூச்சல் 1980களின் கடைசியில் பெரிதானது. 1988இல் ரெக்சாஸிலேயே ஒரு கூட்டாட்சி நீதிமன்றம், உயிருள்ள கிழட்டுப் பைன் மரத்தில் பொந்து குடைந்து வாழ்கிற ஒரு மரங்கொத்திக்காக, அதன் இருப்பிடங்களைச் சுற்றி ஒட்ட வெட்டுவதைத் தேசியக் காடுகளில் தடை செய்தது. கடதாசி, மரக் கொம்பனிகளின் தேசியச் சங்கம் 1990களின் நடுவில் நிலைபேறான காட்டியல் முன்முயற்சி என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் சேர்ந்த ஆலைகள் பயிற்சி பெற்றவர்களிடம் தடி வாங்குவதை ஊக்குவிக்கவேண்டும். உடனே மாநிலத்துக்கு மாநிலம் வகுப்புகள் முளைத்தன. ரெக்சாஸில் அதன் பெயர் ரெக்சாஸ் புரோ லொகர். ரெக்சாஸ் காட்டியல் சங்கமும் மாநிலக் காட்டுச் சேவையும் சேர்ந்து நடத்துகிற பயிற்சி. ஓடைப் பாதுகாப்பு, காடு வளர்ப்பு, பாதுகாப்பு, வியாபாரக் கணக்கு என்று அடிப்படைப் பாடங்கள். முடித்தவர்கள் பெயர் ஒரு பட்டியலில் ஏறும். பட்டியலில் நிலைக்க ஆண்டுதோறும் தொடர்கல்வி.

கலிபோர்ணியா வேறு வழியில் போனது. வளைகுடாப் பகுதியில் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு ஓக்லன்ட் மலைகள் தெரியும். அங்கே ஒருகாலம் இருந்த செம்மரங்கள் எவ்வளவு உயரம் என்றால், சான்பிரான்சிஸ்கோ வாசலால் கப்பல் கொண்டுவருகிறவர்கள் தண்ணீருக்குள் இருந்த பாறையில் மோதாமல் இருக்க அந்த மரங்களைக் குறிவைத்து ஓட்டினார்கள். பிரிட்டிஷ் கப்ரன் பீச்சி 1826இலேயே அதைக் குறித்திருக்கிறார். தங்க வேட்டைக்கு வந்த கூட்டத்துக்கு வீடு கட்ட, 1860 அளவில் அவை கிட்டத்தட்ட முழுதும் தறிக்கப்பட்டுவிட்டன. பட்டுத் தெளிந்த மாநிலம் 1973இல் காட்டு நடைமுறைச் சட்டம் கொண்டுவந்தது. அங்கே தனியார் காட்டை வியாபாரத்துக்கு வெட்டப் பதிவுபெற்ற காட்டியலாளர் திட்டம் எழுதவேண்டும். வெட்டுகிறவரிடம் மாநில அனுமதிப்பத்திரம் இருக்கவேண்டும். அதை எடுக்கப் பாடநெறி, அனுபவம், காப்புறுதி மூன்றும் தேவை. ரெக்சாஸில் அப்படி அனுமதிப்பத்திரம் கிடையாது. கலிபோர்ணியாவில் அரசாங்கம் கேட்கிறது, ரெக்சாஸில் ஆலை கேட்கிறது.

வகுப்பில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேட்பீர்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். சுவீடன் நாட்டு மரந்தறிகாரர் சோரன் எரிக்சன் 1980களில் அமெரிக்காவில் பரப்பிய முறை இது. மரம் விழவேண்டிய பக்கத்தில் வாயை அகலத் திறந்தமாதிரி ஒரு வெட்டு, 70 பாகை அல்லது அதற்கும் மேலே. பிறகு வாளின் நுனியை மரத்தின் பக்கத்தால் உள்ளே குத்தி, முன்னால் ஒரு பட்டி மரத்தை மிச்சம் விட்டுப் பின்பக்கமாக அறுத்துக்கொண்டு வரவேண்டும். அந்தப் பட்டிதான் கதவின் பிணைச்சல் மாதிரி. மரம் விழும்வரை அதைப் பிடித்து வழிநடத்துவது அதுதான். பின்னாலும் கொஞ்சம் மரத்தை அறுக்காமல் விடவேண்டும். மரம் அதில் பிடித்துக்கொண்டு நிற்கும். நீங்கள் மேலே பார்த்து, தப்பி ஓடுகிற பாதையைப் பார்த்து, கடைசியாக அதை வெட்டிவிட்டுச் சரிவாகப் பின்னால் போகவேண்டியதுதான். பின்பக்கத்தாலேயே அறுத்துக்கொண்டு வந்தால், சாய்ந்து நிற்கிற மரம் வெட்டி முடிய முன்னமே நெடுக்காகப் பிளந்து பின்னால் உதைக்கும். பழைய அமெரிக்கத் தொழிலாளர் இதற்கு வைத்த பெயர் சவரக்கடை நாற்காலி. மேலே தொங்குகிற பட்ட கொப்புக்குப் பெயர் விதவையாக்கி. பெயர் வைத்தவர்களுக்கு ஆபத்துத் தெரியாது என்று சொல்லமுடியுமா? தெரிந்தது. அந்த அறிவைச் சேர்த்து, சோதித்து, அடுத்தவனுக்குக் கொடுக்க ஒரு இடம்தான் இல்லாமல் இருந்தது.

நிற்க. வகுப்பு வந்ததும் சாவு நின்றுவிட்டதா? இல்லை. 2023ஆம் ஆண்டு அமெரிக்கத் தொழிற் புள்ளிவிபரப்படி மரம் தறிக்கும் தொழிலாளர் ஒரு லட்சம் பேருக்கு 98.9 பேர் வேலையில் இறந்தார்கள். எல்லாத் தொழில்களுக்கும் சேர்த்துப் பார்த்தால் 3.5. பொலிசை விடவும் தீயணைப்பவரை விடவும் ஆபத்தான தொழில் இது. காயங்களைப் பெரிதாகக் குறைத்தது இரும்புக் கூண்டுக்குள் இருந்து மரத்தைப் பிடித்து வெட்டுகிற பெரிய மெஷின் என்றும் சொல்லுவார்கள், அதிலும் உண்மை உண்டு. ரெக்சாஸின் தட்டை நிலத்தில் இன்று பெரும்பாலும் அந்த மெஷின்தான். மெஷின் போகமுடியாத மலைச்சரிவிலும் சதுப்பிலும் இன்னமும் ஒரு மனிதன் வாளோடு நிற்கிறான்.

எனக்கு இருக்கிற பெரிய கேள்வி வேறு. வகுப்புக்குப் போகிற நாளுக்கு யார் சம்பளம் கொடுப்பது? ரெக்சாஸில் தறிக்கிறவனுக்குத் தொன் கணக்கில்தான் காசு. தடி ஆலைக்குப் போனால் காசு, போகாவிட்டால் இல்லை. லட்சக்கணக்கான டொலர் மெஷினுக்கு மாதக் கடன் ஓடிக்கொண்டிருக்க, வகுப்பு நாளின் நட்டம் ஒப்பந்தக்காரனுடையது. நல்ல பெயர் ஆலையினுடையது, சுத்தமான தண்ணீர் ஊருடையது. பயனை எல்லாரும் எடுத்துக்கொண்டு செலவை ஒருவன் தலையில் வைக்கிற இந்த ஏற்பாட்டில், அந்தப் பழைய கொம்பனிக் கடைத் துண்டின் வாசம் கொஞ்சம் அடிக்கத்தான் செய்கிறது. ஆலை கேட்பதால் வந்த படிப்புக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. ஆலை போனால் கேட்க ஆளில்லை. 1940இல் தொடங்கிய அந்த லஃப்கின் கடதாசி ஆலை 2003இல் மூடப்பட்டது.

இவ்வளவு குறை சொன்னாலும் அந்த வகுப்பை நான் பெரிய விசயமாகத்தான் பார்க்கிறேன். ஏனென்றால் ஊர் நினைவுக்கு வருகிறது. யாழ்ப்பாணத்தில் வளவுக்குள் நிற்கிற வைரம் பாய்ந்த பனையை, ஓடும் மதிலும் உடையாமல், பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை வராமல், காட்டிய இடத்தில் விழுத்தித் தருகிற ஆட்கள் இருந்தார்கள். விழுத்தி, பிளந்து, வளையும் சிலாகையுமாக அடுக்கித் தருவார்கள். காற்று, சாய்வு, பாரம் எல்லாம் அவர்கள் கண்ணில் கணக்காகும். அந்தக் கூரைக்குக் கீழே இருந்துதான் நாங்கள் பௌதிகம் படித்தோம். அவர்களுக்குச் சிரட்டையில் தேத்தண்ணி கொடுத்து முற்றத்தோடு அனுப்பியதும் நாங்கள்தான். வன்னியில் முதிரையும் பாலையும் தறிக்கக் காட்டுக்குப் போய், கால் போய்த் திரும்பியவர்களைக் கண்டிருக்கிறேன். "அவனுக்குக் காலம் சரியில்லை" என்று சொல்லி முடித்துவிடுவோம். பயிற்சி இல்லாததற்கு நாங்கள் வைத்த பெயர் விதி.

அதே வன்னியில் கண்ணிவெடி அகற்ற வந்த நிறுவனங்கள், எங்கள் பெண் பிள்ளைகளுக்கு முறையாகப் பயிற்சி கொடுத்து, முகத்துக்கும் நெஞ்சுக்கும் கவசம் போட்டு, அளந்த நிலத்தில் அளந்த அடியாக வேலை செய்வித்தார்கள். ஆபத்து என்று ஒத்துக்கொண்ட வேலைக்குப் பயிற்சி வந்தது. அந்த நிலத்துக்குப் பக்கத்தில் மரம் தறிக்கிறவனுக்கு அது இல்லை. இரண்டு பேர் உயிரும் ஒரே விலைதானே?

பிரான்டிஸ் டேராடூனில் பள்ளி தொடங்கிய 1878 முதல் ரெக்சாஸில் தறிக்கிறவனுக்கு வகுப்பு வந்த 1990கள் வரை நூற்றுப் பத்து வருசத்துக்கு மேல். மரத்தைப் பற்றிய படிப்பு கந்தோரிலிருந்து காட்டுக்குள் நடந்து போக எடுத்த காலம் அவ்வளவு. வடக்கு கிழக்கில் தொழிற்பயிற்சி நிலையங்களுக்குக் காசு அனுப்புகிற சங்கங்கள் புலம்பெயர் நாடெங்கும் இருக்கின்றன. கணினி வகுப்பும் தையல் வகுப்பும் நல்லதுதான். அடுத்த முறை கூட்டம் கூடும்போது ஒருவராவது எழும்பி, மெஷின் வாள் பிடிக்கிற பெடியங்களுக்கு ஒரு கால் கவசமும், தமிழில் ஒரு கிழமை வகுப்பும், அந்தக் கிழமைக்கான கூலியும் கொடுத்தால் என்ன என்று கேட்கவேணும். பாடம் எடுக்க வெளியிலிருந்து ஆள் தேடத் தேவையில்லை. பனை விழுத்தத் தெரிந்த கிழவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களைக் கதிரையில் இருத்தி வாத்தியார் என்று கூப்பிட்டால் போதும்.